ஒற்றைக் கிளை நத்தை

நான் எதில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றப் பார்ப்பேன். நன்னீர் நத்தை என்று வாயிலிருந்து வந்துவிட்டால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், பல் டாக்டர் நாற்காலி, எங்கே போனாலும் அதே கேள்விதான். "நத்தை மூலத்துக்கு நல்லதாம்ல?" பல் டாக்டர் இதைக் கேட்டபோது என் வாய்க்குள் அவருடைய இரண்டு கையும் இருந்தன. இல்லாவிட்டால் அன்றைக்கு அவருக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும்.

அவர்கள் சொல்வது வேறு நத்தை. வயல் வரப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டு கிடக்குமே, அது. என்னுடையது கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். ஒரு கண்மாயையே சலித்தாலும் ஒருவேளைக் குழம்புக்குத் தேறாது. இதைச் சொன்னால், "அப்ப அது குட்டியா இருக்கும், வளரட்டும்" என்பார்கள். வளராது. அதுதான் அதன் முழு வளர்ச்சி, அதற்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறார்களே தவிர நம்புவதில்லை.

சின்ன நத்தைகளை வகைப்படுத்துவது போல எரிச்சலான வேலை உலகத்தில் இருக்க முடியாது. ஓட்டை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தேங்கின தண்ணீரில் கிடந்தால் குண்டாக வளரும். அதே நத்தை வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரில் ஒல்லியாக வளரும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முனை தேய்ந்து மொட்டையாகிவிடும். முந்தைய காலத்து ஆட்கள் குண்டுக்கு ஒரு பெயர், ஒல்லிக்கு ஒரு பெயர், மொட்டைக்கு ஒரு பெயர் என்று வைத்துவிட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒன்றுதான் என்று சேர்த்தார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் இல்லை, தனித்தனிதான் என்று மறுபடி பிரித்தார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் வைத்துக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் நத்தைகளின் பாடும் அதுதான்.

அதனால் உள்ளே இருக்கிற உடம்பைப் பார்த்தாக வேண்டும். உடம்பைப் பார்க்க விடுமா என்றால், விடாது. என்னுடைய நத்தைக்கு வாயில் ஒரு மூடி உண்டு. கல் மாதிரி கெட்டியான, வட்ட வட்டமாகக் கோடு போட்ட மூடி. விரல் பட்டால் போதும், கலவர நேரத்துக் கடை ஷட்டர் மாதிரி இழுத்துச் சாத்திக்கொள்ளும். அப்படியே ஆல்கஹாலில் போட்டால் மூடிய நிலையிலேயே செத்து விறைத்துப் போகும். அப்புறம் ஊசியை விட்டு நெம்பினால் பிய்ந்துதான் வரும். ஆகவே முதலில் அதை மயக்க வேண்டும். தண்ணீரில் மெந்தால் படிகம் தூவி, மூடி போட்டு, ஓர் இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் பார்த்தால் தலையை வெளியே நீட்டிக்கொண்டு சொகுசாக மயங்கிக் கிடக்கும். எங்கள் வீட்டுச் சமையலறையில் இருமல் மிட்டாய் வாசனை வருவதற்கு இதுதான் காரணம்.

இந்த வகை நத்தையில் ஆண் வேறு, பெண் வேறு. தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கும். ஆண் என்றால் வலது கொம்புக்குப் பின்னால், பிடரியில், ஆண்குறி இருக்கும். அது சின்னக் கவட்டை மாதிரி இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். ஒரு கிளை கலவிக்கு. இன்னொன்று ஒரு சுரப்பியின் குழாய். இந்தக் கவட்டையின் அமைப்பை வைத்துத்தான் இனத்தைப் பிரிக்க முடியும். இதை நான் எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் சொல்லும்போதெல்லாம் எங்கள் துறைத் தலைவர் இருமுவார். அவர்தான் என் வழிகாட்டியும். மீன் தீவனத்தில் பட்டம் வாங்கியவர், நல்ல மனிதர், ஆனால் விலங்கியல் பேராசிரியராக இருந்துகொண்டு அந்தச் சொல்லை இன்றுவரை அவர் வாயால் சொன்னதில்லை. "அந்த பார்ட்" என்பார். என் ஆய்வே அந்தப் பார்ட்டைப் பற்றித்தான் சார் என்று எத்தனை முறை சொல்வது?

வாடிப்பட்டி தாண்டி, சிறுமலை அடிவாரத்தை ஒட்டி ஒரு சின்னக் கண்மாய் இருக்கிறது. பருவமழை முடிந்த டிசம்பரில் அங்கே சல்லடை போட்டு அரித்தபோது கிடைத்த நத்தைகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடித்துத் தெரிந்தன. தண்ணீர் தேங்கியிருந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மயக்கி, கை லென்ஸை வைத்துத் தலையைப் பார்த்தேன். ஆண்தான். ஆனால் கவட்டை இல்லை. ஒற்றைக் கிளை, அதுவும் கட்டையாக. இன்னொன்றைப் பார்த்தேன். அதுவும் ஒற்றைதான். கையில் கிடைத்த ஆண்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. யாரும் இதுவரை எழுதாத இனம் என் பேசனில் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. சமையலறையில் நின்றுகொண்டு நானாகச் சிரித்தேன்.

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். நான் தற்காலிக விரிவுரையாளர். பகல் முழுக்கப் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, மிச்ச நேரத்தில் ஆய்வு செய்கிறவள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கொடுத்த கெடு தாண்டி, நீட்டிப்பும் வாங்கி, இனி நீட்டிப்பு கிடையாது என்று கடிதமும் வந்துவிட்டது. பழைய நத்தைகளைப் பழைய பெயரில் வரிசைப்படுத்தினால் ஏடு என்னவோ முடியும். ஆனால் ஒரு புது இனம் என்றால் கதையே வேறு. அதற்குப் பின்னால் காலகாலத்துக்கும் என் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த ஆசை இருந்தது. கொஞ்சமில்லை, நிறையவே இருந்தது.

புது இனம் என்று அறிவிக்க, ஓடும் உடம்பும் உடையாமல் சிதையாமல் இருக்கிற மாதிரிகளை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதனால் ஒரு ஓட்டைக்கூட நான் உடைக்கவில்லை. மயங்கி வெளியே நீண்டிருந்த தலையை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, மொத்தத்தையும் ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலில் ஆல்கஹால் ஊற்றிப் பாதுகாத்தேன். பாட்டிலைக் கல்லூரி ஆய்வகத்து அலமாரியில் வைத்து, சிவப்பு மையில் "தொடாதீர்கள்" என்று எழுதியும் ஒட்டினேன்.

அப்புறம்தான் எங்கள் கல்லூரிக்குக் குழு வருகிறது என்று சேதி வந்தது.

கல்லூரிக்குக் குழு வருகிறது என்றால் என்ன நடக்கும் என்று கல்லூரியில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. கல்லூரியின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போட வருகிற வெளியூர்ப் பேராசிரியர்கள் அவர்கள். ஒருமுறை வந்து போனால் பல வருடம் நிம்மதி. அதற்காகக் கோடை விடுமுறை முழுக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு, மரத்துக்குக் காவி, இல்லாத தோட்டத்துக்கு வாடகைப் பூந்தொட்டி. வேலை செய்யாத மின்விசிறிக்கும் பெயின்ட் அடிப்பார்கள். ஒவ்வொரு துறை வாசலிலும் ஒரு வரவேற்புப் பலகை வேண்டும். அதுவும் அந்தத் துறையின் பொருளாலேயே செய்திருக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். தாவரவியல்காரர்கள் விதைகளை ஒட்டினார்கள். வேதியியல்காரர்கள் கலர் கலராக ஏதோ ஊற்றினார்கள். விலங்கியல்காரர்கள் என்ன செய்வார்கள்?

மே மாதக் கடைசியில் ஒரு நாள் ஆய்வகத்துக்குப் போனேன். வாசலில் பெரிய தெர்மாகோல் பலகை. அதில் வளைவு வளைவாக "நல்வரவு" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எழுத்து எல்லாம் நத்தை ஓடு. வார்னிஷ் அடித்து, வெயில் பட்டு மின்னியது. ஓரத்தில் தட்டையான சுருள் நத்தைகளை முறுக்கு அடுக்கின மாதிரி தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். அவை இடப்பக்கம் சுழிக்கிற நத்தைகள். தலைகீழாக வைத்தால் வலப்பக்கம் சுழிக்கிறதாகத் தெரியும். விலங்கியல் துறை வாசலில் இப்படியா என்று முதலில் அதற்குத்தான் கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் எழுத்துகளின் உள்ளே நிரப்பியிருந்த பொடி ஓடுகளைக் கவனித்தேன். கொத்தமல்லி விதை அளவு. கொஞ்சம் தடித்தவை.

அலமாரிக்கு ஓடினேன். பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஆய்வக உதவியாளர் அக்கா முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். "எப்புடி மின்னுது பாத்தீங்களா மேடம்? சார்தான் ஐடியா குடுத்தாரு. சுடுதண்ணியில போட்டு, உள்ள இருந்த சதையெல்லாம் ஊசியால எடுத்து வீசிட்டு, ஆசிட்ல ஒரு அலசு. அம்புட்டு நாத்தம். ரெண்டு நாளு சோறு எறங்கல எனக்கு."

'ல்' மேல் இருந்த புள்ளி எதனால் ஆனது என்று உற்றுப் பார்த்தேன். என் நத்தைகளின் மூடிகள். குவித்து வட்டமாக ஒட்டியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று கை துடித்தது.

துறைத் தலைவரிடம் போனேன். "சார், தொடாதீர்கள்னு எழுதியிருந்தேனே சார்."

"அது ஸ்டூடன்ட்ஸுக்குன்னு நெனச்சேன்மா."

"அதுதான் சார் நம்ம புது இனம். மொத்தமும் அதுதான்."

அவருக்கு ஒரு கணம் முகம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டார். "ஓடு இருக்குல்லம்மா? பத்திரமா இருக்கே. வார்னிஷ் வேற அடிச்சிருக்கு, கெடாது."

"ஓட்டுல ஒண்ணும் இல்ல சார். ஆண்குறிதான் சார் முக்கியம்."

அவர் இருமினார். "அந்த பார்ட்டுக்கு போட்டோ இருக்குல்ல?" என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். படத்தை வைத்து யாரும் புது இனத்தை ஏற்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரியாத மாதிரி இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது. ஓய்வறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறினேன்.

கண்மாயில் தண்ணீர் இல்லை. மே மாதத்தில் இருக்காது என்று தெரிந்துதான் போனேன். மண்ணுக்குள் புதைந்து, மூடியைச் சாத்திக்கொண்டு, அடுத்த மழைக்குக் காத்திருக்கிற பிராணிதான் அது. ஈரமுள்ள வண்டலைத் தோண்டினால் கிடைக்கும் என்பது என் கணக்கு. ஆனால் கண்மாய்க்குள் ஜேசிபி நின்றது. தூர் வாருகிறார்கள். வருடக்கணக்காகத் தூர் வாரவில்லை என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்த கண்மாயை, என் நத்தைகள் தெர்மாகோல் ஏறின அதே வாரத்தில் தூர் வாருகிறார்கள். வண்டல் எல்லாம் டிராக்டர் டிராக்டராகத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடியில் வெறும் செம்மண் பாளம்தான் மிச்சம்.

ஒரு டிராக்டரை மறித்தேன். "அண்ணே, இந்த மண்ணு எங்க போகுது?"

"தென்னந்தோப்புக்குத்தான் டீச்சர். ஒங்களுக்கு எம்புட்டு வேணும்? வீட்டுக்கே வந்து ரெண்டு லோடு அடிச்சிட்டுப் போறேன்."

"ஒரு சாக்கு போதும்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு சாக்கு மண்ணுக்கா மதுரையில இருந்து பஸ்ஸு ஏறி வந்தீக?"

விளக்குகிற தெம்பு எனக்கு இல்லை. தொட்டியில் ரோஜா வைக்க என்று சொல்லிவிட்டேன். மண் கொட்டியிருந்த தோப்புக்கு அவரே கூட்டிப்போனார். குவியலின் மேல்பக்கம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. உள்ளே கையை விட்டால் ஈரம் இருந்தது. அந்த ஈரக் கட்டிகளாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். டிராக்டர்காரரும் தோப்புக்காரரும் வரப்பில் உட்கார்ந்து, பட்டணத்துப் பொம்பளை மண் கட்டியை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுப்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

திரும்பும்போது பஸ் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "என்னக்கா சாக்குல? கருவாடா?"

"மண்ணு."

"மண்ணு இப்புடியா நாறும்?"

"உள்ள நத்தை இருக்கு" என்றேன், சலிப்பில்.

முன் இருக்கை ஆள் திரும்பினார். "மூலத்துக்கா?" என்றார்.

மொட்டை மாடியில் வீட்டில் இருந்த பேசன் எல்லாவற்றிலும் மண்ணைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினேன். குளோரின் வாசம் போகட்டும் என்று நான் எப்போதும் பிடித்து வைத்திருக்கிற தண்ணீர். என் கணவர் மேலே வந்து பார்த்தார். "துணி ஊறவைக்க ஒரு பேசன் இல்ல இந்த வீட்டுல. கொசு வளக்கிறோம்னு மாநகராட்சியில இருந்து வந்து எழுதிட்டுப் போகப் போறாய்ங்க" என்று கத்தினார். நானும் கத்தினேன். அவர் கீழே போனார். மறுநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது ஒவ்வொரு பேசனுக்கு மேலேயும் ஈரச் சாக்கு விரித்திருந்தது. வெயில் அடிக்கிறதே என்று செய்தாராம். அதைச் சொல்லும்போதும் எரிந்துதான் விழுந்தார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. சேறு, நாற்றம், கொசு. ஒரு காலையில் சாக்கைத் தூக்கினேன். பேசனின் ஓரத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, கொத்தமல்லி விதைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மூடியை முதுகில் சுமந்துகொண்டு, இரண்டு கொம்பையும் ஆட்டிக்கொண்டு. ஜேசிபி வாரி, டிராக்டர் ஏற்றி, தோப்பில் கொட்டி, பஸ்ஸில் வந்து, இவ்வளவுக்கும் பிறகு உயிரோடு. நான் மாடியிலிருந்து கணவரைக் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓடிவந்துவிட்டார்கள்.

மயக்கி, கல்லூரிக்குக் கொண்டுபோய், நுண்ணோக்கியில் வைத்தேன். முதல் ஆண், கவட்டை. சாதாரண நத்தை.  அடுத்தது, ஒற்றைக் கிளை! அடுத்ததும் ஒற்றை. அதற்கடுத்தது மறுபடி கவட்டை. அப்படியானால் ஒரே சேற்றில் இரண்டு இனமும் சேர்ந்து வாழ்கிறதா? அருகருகே இருந்தும் கலக்காமல் இருக்கிறது என்றால் இரண்டும் வேறு வேறு இனம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? சந்தோஷத்தில் துறைத் தலைவரிடம் சொன்னேன். "இன்னும் முழுசாப் பாக்கல சார், உறுதியில்ல" என்றும் சேர்த்தே சொன்னேன். அவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மறுநாள் கல்லூரி வாசலில் பிளக்ஸ் பேனர் நின்றது. "புதிய நத்தை இனம் கண்டுபிடிப்பு! விலங்கியல் துறையின் சாதனை!" கூடவே ஒரு நத்தைப் படம். அது தோட்டத்தில் ஊர்கிற ஆப்பிரிக்க நத்தை.

"சார், அது இந்த நத்தையே இல்ல சார்."

"எல்லாம் நத்தைதானம்மா. புது இனத்துக்கு நம்ம காலேஜ் நிறுவனர் பேர வச்சிருவோமா? மேல சந்தோஷப்படுவாங்க."

குழு வருகிற அன்று சீக்கிரமே ஆய்வகத்துக்குப் போனேன். இப்போது என்னிடம் நத்தைகள் தாராளமாக இருந்ததால் சிலவற்றை உடைக்கலாம். உள் உறுப்புகளை வரைந்துவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் முடிந்துவிடும். ஒற்றைக் கிளை ஆண் ஒன்றை எடுத்து, ஓட்டை மெல்ல நொறுக்கி, நுனிச் சுருளைத் திறந்தேன். அங்கே பழுப்பு நிறத்தில் ஈரலும் அதன்மேல் விந்தகமும் இருக்க வேண்டும். இல்லை. அந்த இடம் முழுக்க வெளிர்மஞ்சளாகப் பொடிப் பொடிப் பைகள் அடைத்துக் கிடந்தன. ஊசி பட்டதும் ஒரு பை உடைந்து, அதிலிருந்து வால் முளைத்த புழுக்கள் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தின.

தட்டைப்புழுவின் இளம் பருவம். நத்தைக்குள் குடியேறி, விந்தகத்தைத் தின்றுவிடும். விந்தகம் போனால் ஆண்குறி சுருங்கும், கிளை மறையும். இனப்பெருக்கச் செலவு மிச்சமாவதால் உடம்பு கொஞ்சம் தடிக்கும். இன்னொரு ஒற்றைக் கிளையை உடைத்தேன். புழு. இன்னொன்று. புழு. கவட்டை உள்ளதை உடைத்தேன். சுத்தம். இன்னொன்றும் சுத்தம். விதிவிலக்காக ஒன்றே ஒன்று கிடைத்துவிடாதா என்று கொண்டுவந்ததையெல்லாம் உடைத்தேன். கிடைக்கவில்லை. இந்தப் புழுவை ஒட்டுண்ணிப் பாடத்தில் வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறவள் நான். வாலைச் சரியாகப் போடவில்லை என்று பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்தவள். ஓடு உடையக்கூடாது, உடையக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மேசையைக் குத்தினேன். ஊசி டப்பா கீழே விழுந்து சிதறியது. புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரே நத்தை, சீக்கு நத்தை.

வெளியே கார்கள் வந்துவிட்டன. துறைத் தலைவர் புதுச் சட்டையில், கையில் மல்லிகை மாலைப் பையோடு ஓடிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "சார், ஒரு நிமிஷம். அந்த நத்தை விஷயம்."

"எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. கேன்டீன்ல இருந்து காபி வந்துருச்சான்னு பாருங்க மொதல்ல."

"சார், அது புது இனம் இல்ல சார்."

மேளக்காரர்கள் அந்த நேரத்தில்தான் தொடங்கினார்கள். கல்லூரிக்குள் மேளம். அவர் காதில் கையை வைத்து, "காபி, காபி" என்று உதட்டை அசைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் காபியைப் பார்க்கப் போனேன். போகிற வழியெல்லாம் ஒரு எண்ணம் கூடவே வந்தது. இன்னும் யாருக்கும் தெரியாது. உடைத்த ஓடுகளைத் துடைத்துக் குப்பையில் போட்டால் முடிந்தது. இன்றைக்கு மட்டும் சும்மா இருந்துவிட்டால் துறைக்கு மதிப்பெண் வரும், சாருக்கு மரியாதை, எனக்கு ஒரு சால்வை. நாளைக்கோ அடுத்த மாதமோ மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

குழுவில் ஒரு பெண் பேராசிரியர் இருந்தார். வடக்கிலிருந்து வந்தவர், விலங்கியல்காரர். வரவேற்புப் பலகை முன்னால் நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நத்தைகளைப் பார்த்தார். மற்றவர்கள் பலகையைப் பாராட்டினார்கள். அவர் ஓரத்துச் சுருள் நத்தைகளைக் காட்டி, இவை தலைகீழாக இருக்கின்றனவே என்று ஆங்கிலத்தில் சொன்னார். இந்த மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் உருப்படியான வார்த்தை அது. அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. உடனே பயமும் வந்தது.

துறைத் தலைவர் என்னை முன்னால் தள்ளினார். இவர்தான் புது இனத்தைக் கண்டுபிடித்தவர் என்றார். நிறுவனர் பெயரைச் சூட்டப்போகிறோம் என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். கல்லூரி முதல்வர் தலையாட்டினார். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அந்தப் பேராசிரியர் என்னைப் பார்த்து, எந்த உறுப்பை வைத்துப் பிரித்தீர்கள் என்று கேட்டார். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவ்வளவு வருடத்தில் நத்தையைத் தின்னலாமா என்று கேட்காமல் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"ஆண்குறியை வைத்து" என்றேன். பக்கத்தில் இருமல் கேட்டது. "ஆனால் அது புது இனம் இல்லை. சாதாரண இனம்தான். புழு தாக்கி, விந்தகம் அழிந்து, ஒரு கிளை மறைந்துவிட்டது. நான் பார்த்தது நோயை. காலையில்தான் உடைத்துப் பார்த்தேன்."

கைதட்டல் நின்றது. முதல்வர் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் தரையைப் பார்த்தார். அந்தப் பேராசிரியர் மட்டும், உடைத்ததைக் காட்ட முடியுமா என்று கேட்டு உள்ளே வந்தார். நுண்ணோக்கியில் குனிந்து, புழுக்கள் நீந்துவதை நிறைய நேரம் பார்த்தார். நன்றாக அறுத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார். என்ன குறித்துக்கொண்டார், எத்தனை மதிப்பெண் போட்டார் என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் சாப்பிடப் போன பிறகு துறைத் தலைவர் நடைவழியில் என்னைப் பிடித்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நானும் கத்தத் தயாராகத்தான் இருந்தேன். பாட்டில், வார்னிஷ், பேனர், மேளம், காபி என்று எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தது. அவர் கத்தவில்லை. அழுகிற மாதிரி இருந்தது குரல்.

"ஏம்மா, ஒரே ஒரு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அத்தனை வாரங்களில் அவர் சொன்னவற்றிலேயே எனக்குக் கோபம் வராத பேச்சு அது ஒன்றுதான். காலையிலிருந்து நானும் என்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.